டரான்டுலா சாப்பிடலைன்னா சட்டை உரிக்கப் போகுதுன்னு அர்த்தமா?

செம்முட்டி:
எங்கிட்ட இருக்கறது மெக்சிகன் ரெட் நீங்கற டரான்டுலா சிலந்தி. பெண்ணுன்னு சொல்லித்தான் வித்தாங்க. ஒரு மாசத்துக்கு மேல இரையைத் தொடவே இல்லை, பூச்சியைப் போட்டா விலகிப் போகுது. வயித்துக்குப் பின்னாடி முடி கொட்டின வழுக்கை முன்னெல்லாம் வெளிர் நிறமா இருந்துச்சு, இப்போ கறுத்துட்டு வருது. தோல் உரிக்கப் போகுதா, இல்ல நோயா?

வளைக்காரன்:
இத்தனை நாள் பட்டினி கிடந்தா உரிக்கத்தான் போகுது, சந்தேகமே வேண்டாம். தொட்டி முழுக்கத் தண்ணி தெளிச்சு விடுங்க. ஈரம் பத்தலைன்னா பழைய தோலுக்குள்ளயே கால் மாட்டிக்கும்.

கானகன்:
ரெண்டையும் நான் ஏத்துக்க மாட்டேன் வளைக்காரன். சிலி ரோஸ்ங்கற இன்னொரு டரான்டுலா வளர்க்கறவங்களைக் கேளுங்க. மாசக்கணக்கா சாப்பிடாம கிடந்துட்டு, தோலே உரிக்காம ஒருநாள் மறுபடி சாப்பிட ஆரம்பிக்கும். பட்டினியை மட்டும் வெச்சு எதுவும் சொல்ல முடியாது. செம்முட்டி சொன்னதுல முக்கியமானது அந்தக் கறுத்த வழுக்கைதான். அடியில புதுத் தோலும் புது முடியும் வளர்ந்து, பழைய தோல் வழியா தெரியுது. இது நோய் இல்லை.

தண்ணி தெளிக்காதீங்க. இது மெக்சிகோவோட பசிபிக் கரையோரம், வறண்ட காட்டுப் பக்கத்துச் சிலந்தி. பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் நடுவுல வேண்டிய ஈரத்தை அதோட உடம்பே சுரந்துக்கும். கிண்ணத்துல தண்ணி நிறைஞ்சிருந்தா போதும். மண்ணை நனைச்சா பூஞ்சைதான் வரும்.

வளைக்காரன்:
குட்டிச் சிலந்திக்கும் இதையே சொல்வீங்களா? வறண்ட டப்பாவுல அதுங்க காஞ்சே செத்துப்போகும்.

கானகன்:
குட்டிக்கு ஒரு மூலையில ஈரம் வேணும், அது சரி. இங்க பேசறது வளர்ந்த சிலந்தியைப் பத்தி.

பனங்கூடல்:
அண்ணை, வழுக்கையை மட்டும் நம்பினால் எங்களைப் போல ஆக்கள் என்ன செய்யிறது? நான் கனடாவில வளர்க்கிறது பொய்சிலோதீரியா. இந்தியா, இலங்கைக் காடுகளில மரப்பொந்துக்குள்ள வாழுற இனம். அமெரிக்கக் கண்டத்து இனங்கள் மாதிரி உதைச்சு விடுற சுணை முடி இதுக்கு இல்லை, அதால வழுக்கையும் விழாது. நான் பாக்கிறது வேற: நிறம் மங்கும், வயிறு உப்பிப் பளபளக்கும், பொந்து வாசலை வலையால அடைச்சுப்போட்டு உள்ளயே கிடக்கும்.

கானகன்:
முழுக்கச் சரி. இனத்தைப் பார்த்துத்தான் அறிகுறி.

செம்முட்டி:
அவசரம்! வலையை விரிப்பு மாதிரி பின்னி, அது மேல மல்லாந்து கிடக்கு. சாகப்போகுது, திருப்பிப் போடுன்னு நண்பர் சொல்றார்.

கானகன்:
தொடாதீங்க! மல்லாந்து படுத்தா அது உரிக்குது. சாகற டரான்டுலா பெரும்பாலும் நிமிர்ந்த நிலையிலயே காலை அடியில சுருட்டிக்கும், ஏன்னா அது காலை நீட்டறதே உடம்புத் திரவத்தோட அழுத்தத்தாலதான், சாகும்போது அந்த அழுத்தம் குறைஞ்சுடும். தொட்டியில உயிரோட பூச்சி ஏதாவது இருந்தா அசைக்காம எடுத்துடுங்க. புதுத் தோல் மெத்துன்னு இருக்கும்போது பூச்சியே கடிச்சுத் தின்னுடும்.

வளைக்காரன்:
கால் மாட்டிக்கிட்டா? அப்பவும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணுமா?

கானகன்:
பல மணி நேரம் எடுக்கும், நடுவுல அசையாம கிடக்கறதும் இயல்பு. அவசரப்பட்டு இழுத்தா மெத்துன்னு இருக்கற உடம்பு கிழியும். ஒரு கால் போனாலும் அடுத்தடுத்த உரிப்புல திரும்ப முளைக்கும்.

வளைக்காரன்:
கண்ணு முன்னாடி மாட்டிக்கிட்டுத் தவிச்சா என்னால சும்மா இருக்க முடியாது. ஈரப் பஞ்சாலயாவது தொட்டு நனைப்பேன்.

செம்முட்டி:
வெளிய வந்துடுச்சு! எட்டுக் காலும் இருக்கு. நச்சுப்பல் வெள்ளையா இருக்கே?

கானகன்:
அது சிவந்து, அப்புறம் நல்லா கறுக்கும். அதுவரைக்கும் இரை போடாதீங்க, பெரிய சிலந்தின்னா ரெண்டு வாரம்கூட ஆகலாம். பழைய தோலை, சிலந்தி தள்ளிப் போனதும் நீளமான இடுக்கியால எடுத்து, ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணியில ஊற வெச்சு வயித்துப் பகுதியை விரிங்க. உள்பக்கம், முன் ஜோடி நுரையீரலுக்கு நடுவுல, விந்துப்பை மடிப்பு, அதாவது பெண் சிலந்தி விந்தைச் சேர்த்து வெச்சுக்கற பை, இருக்கான்னு பாருங்க. இருந்தா பெண்தான். படம் போடுங்க, பார்த்துச் சொல்றேன்.