3 வயதுக் குழந்தைக்கு வாய்ப்பேச்சுப் பள்ளியா, சைகை மொழிப் பள்ளியா?

ஏற்காடு அம்மா:
மகளுக்கு 3 வயது முடிந்துவிட்டது. இரண்டு காதிலும் 85 டெசிபல் கேட்புத்திறன் இழப்பு, காது கேட்கும் கருவி போட்டு 5 மாதம் ஆகிறது. ஜூனில் சேலத்தில் சேர்க்க வேண்டும். பேச்சு மட்டும் சொல்லித்தரும் பள்ளியா, சைகையும் உள்ளதா? எதை வைத்து முடிவு செய்வது?

செவ்வாய்ப்பேட்டைக்காரர்:
85 என்பது கருவி இல்லாமல் எடுத்த கணக்கு அம்மா. கருவி போட்டபடி எடுத்த ஆடியோகிராமை (எந்தச் சுருதி ஒலி எவ்வளவு சத்தத்தில் கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) கேட்டு வாங்குங்கள். 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் நான்கையும் பாருங்கள். 4000-இல் கேட்கவில்லை என்றால் ‘ஸ்’ எட்டாது. பேச்சு மட்டுமே உள்ள வகுப்பில் நாள் முழுக்க ஊகித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள்.

தினமும் காலையில் ஆறு ஒலிச் சோதனை செய்யுங்கள்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து சொல்லுங்கள். கேட்டதும் ஒரு மரக்கட்டையைக் கிண்ணத்தில் போட வேண்டும். (புளியங்கொட்டை வேண்டாம், மூக்கில் போட்டுக்கொள்ளும் வயது.) வரிசையையும் இடைவெளியையும் மாற்றுங்கள், ஒரே தாளத்தில் சொன்னால் கேட்காமலே போடப் பழகிவிடுவாள். நேற்றுக் கேட்ட ஒலி இன்று கேட்கவில்லையா? முதலில் பேட்டரியைப் பாருங்கள், அடுத்து மோல்டின் (காதுக்குள் பொருத்தும் அச்சு) குழாய். ஏற்காட்டு மூடுபனியில் குழாய்க்குள் நீர் கோத்து அடைக்கும். இரவில் பேட்டரியைக் கழற்றிவிட்டு, கருவியைச் சிலிக்கா ஜெல் டப்பாவில் வையுங்கள்.

அஸ்தம்பட்டி டீச்சர்:
பள்ளியில் அரை நாள் வகுப்பில் உட்கார அனுமதி கேளுங்கள். காலையில் ஒவ்வொரு பிள்ளையின் கருவியையும் சோதிக்கிறார்களா? ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசுகிறாரா? முகம் தெரிந்தாலும், உதட்டை மட்டும் பார்த்தால் ‘படம்’, ‘மடம்’ இரண்டும் ஒன்றுதான்.

சைகை உண்டு என்று சொல்லும் பள்ளியில் இன்னும் கூர்ந்து பாருங்கள். தமிழ் பேசிக்கொண்டே நடுநடுவே கை காட்டுவது இந்திய சைகை மொழி ஆகாது. ‘நாய் பாப்பாவைக் கடித்தது’, ‘நாயைப் பாப்பா கடித்தது’ இரண்டுக்கும் கை அதே மூன்று சொல்லை அதே வரிசையில் காட்டினால், யார் கடித்தது? உருபு விழுந்துவிட்டதே! முறையான சைகை மொழி அதை இடத்தாலும் திசையாலும் காட்டிவிடும். காது கேளாத ஆசிரியர் ஒருவராவது இருந்தால் மிக நல்லது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இதுவரை படிக்காத பத்தியைக் கொடுத்து, படித்ததைத் தன் போக்கில் சொல்லச் சொல்லுங்கள். பார்த்து எழுதும் அழகான கையெழுத்தைக் கண்டு ஏமாற வேண்டாம்.

ஏற்காடு அம்மா:
சைகை பழகினால் பேச்சே வராது என்கிறார் மாமியார்.

அஸ்தம்பட்டி டீச்சர்:
சைகை பேச்சைத் தடுக்காது. எந்த மொழியும் முழுதாக எட்டாமல் இந்த வயது கழிந்துபோவதுதான் ஆபத்து. இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும். மாமியாரையும் சேர்த்துக்கொண்டு அன்றாடச் சைகைகளைப் பழகுங்கள்: பசி, வலி, தூக்கம், ‘அப்புறம் போகலாம்’. டெல்லி இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையத்தின் காணொலி அகராதி இலவசமாகவே கிடைக்கிறது.

செவ்வாய்ப்பேட்டைக்காரர்:
கருவி போதவில்லை என்றால் காக்ளியர் இம்ப்ளான்ட் (உள்காதில் அறுவை செய்து பொருத்தும் கருவி) பற்றி இப்போதே மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டில் 6 வயதுக்குள் செய்ய வேண்டும். அறுவைக்குப் பின் பயிற்சிக்கு மாதக்கணக்கில் மலையிறங்கி வர வேண்டியிருக்கும். பஸ், வேலை, விடுப்பு எல்லாவற்றையும் கணக்குப் போட்டுவிட்டுச் சம்மதம் சொல்லுங்கள்.