மறு: ‘குடலுறிஞ்சித் தேய்வு’ – மாற்றுச் சொல் ஒன்று

குழுவினர் அனைவர்க்கும் வணக்கம்.

பன்றிக்குட்டிகளுக்கு வைரஸால் வரும் கழிச்சல் நோய்களுக்கான சொற்பட்டியலில், ‘வில்லஸ் அட்ரோபி’ (சிறுகுடலின் உட்சுவரிலுள்ள விரல்போன்ற உறிஞ்சிகள் குட்டையாகிப்போதல்) என்பதற்குக் குடலுறிஞ்சித் தேய்வு, குடலுறிஞ்சிச் சிதைவு, குடலுறிஞ்சிக் குறுக்கம் ஆகிய மூன்றும் முன்வைக்கப்பட்டுள்ளன. இம்மூன்றையும் விடுத்துக் ‘குடலுறிஞ்சி மழுங்கல்’ என்று கொள்ளலாம் என்பது என் கருத்து.

இந்நோய்களை உண்டாக்கும் வைரஸ்களில் முதன்மையானவை நான்கு: 1946இல் அமெரிக்காவில் விவரிக்கப்பட்ட தொற்றும் இரைப்பைக் குடலழற்சியின் வைரஸ், 1971இல் இங்கிலாந்துப் பண்ணைகளில் முதலில் காணப்பட்டு, 1978இல் பெல்ஜியத்தில் இனங்காணப்பட்ட கொள்ளைக் கழிச்சலின் வைரஸ், 2012இல் ஹாங்காங் ஆய்வாளர்கள் அறிவித்த டெல்டா கொரோனா வைரஸ், ரோட்டா வைரஸ். முதல் மூன்றும் கொரோனா குடும்பத்தவை. ரோட்டா வேறு குடும்பம். ஆயினும் நான்கும் தாக்குமிடம் ஒன்றே. சிறுகுடலின் உட்சுவரில் விரல்கள்போல நீண்டிருக்கும் குடலுறிஞ்சிகளைப் போர்த்தியுள்ள முதிர்ந்த செல்களில் புகுந்து பெருகி, அவற்றை அழித்து உதிரச் செய்கின்றன. போர்வை உதிர்ந்ததும் உறிஞ்சியின் உட்பகுதி சுருங்கிக் குட்டையாகிவிடுகிறது. நலமான குட்டியின் சிறுகுடல் நடுப்பகுதியில் உறிஞ்சியின் உயரம், அதன் அடியிலுள்ள குழியின் ஆழத்தைப்போல ஏறத்தாழ 7 மடங்கு இருக்கும்; தொற்றும் இரைப்பைக் குடலழற்சியில் இரண்டும் ஏறக்குறைய சமமாகிவிடுவதுண்டு. இவையெல்லாம் தொற்றிய ஓரிரு நாள்களுக்குள் நடந்து முடிந்துவிடுகின்றன.

‘தேய்வு’ பொருந்தாமைக்குக் காரணம் இந்த வேகமே. எலும்பு தேய்கிறது, செருப்பு தேய்கிறது என்னும்போது நாம் எண்ணுவது நாட்பட்ட, மெதுவான குறைவை. தசை மெலிவு போன்றவற்றுக்கு அச்சொல் இருக்கட்டும். ‘குறுக்கம்’ அளவைச் சரியாகச் சொல்கிறது. ஆனால், குடலின் உள்வழி இறுகி ஒடுங்குவதைக் குடல் குறுக்கம் என்று ஏற்கெனவே எழுதிவருகிறோம். ஒரே உறுப்பில் இருவேறு கேடுகளுக்கு ஒரே சொல்லை வைத்தால் மாணவர்கள் குழம்புவார்கள்.

‘சிதைவு’ என்பதே பெரும்பான்மையோர் விரும்பிய சொல்லாகத் தெரிகிறது. என்னுடைய மறுப்பும் அதன்மீதுதான் அதிகம். சிதைந்தது மீளாது என்ற எண்ணத்தை அச்சொல் தருகிறது. இங்கோ, கொரோனா வைரஸ்கள் பெரும்பாலும் குழிகளிலுள்ள பிறப்புச் செல்களை விட்டுவிடுவதால், அங்கிருந்து புதிய செல்கள் மேலேறி உறிஞ்சியை மறுபடி போர்த்துகின்றன. மழுங்கிய அரிவாளைத் தீட்டிக்கொள்ளலாம் என்பதுபோல, மீட்சிக்கு இடம் வைத்திருக்கும் சொல் மழுங்கல். அந்த மீட்சிக்குத் தேவைப்படும் காலந்தான் குட்டியின் உயிரைத் தீர்மானிக்கிறது. பிறந்த சில நாள்களே ஆன குட்டியில் இப்புதுப்பிப்புக்கு 5 முதல் 7 நாள்கள் ஆகும். மூன்று வார வயதில் 2 அல்லது 3 நாள்கள் போதும். முதல் வாரக் குட்டிகள் ஏறக்குறைய முழுமையாக மடிய, அதே கொட்டிலிலுள்ள வளர்ந்த பன்றிகள் சில நாள் கழிந்துவிட்டுத் தேறிவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மேலும், மழுங்கலில் தரம் பிரிக்கலாம். ரோட்டா வைரஸ் பெரும்பாலும் நுனிப்பகுதிச் செல்களைத் தாக்குவதால் அதில் இலேசான மழுங்கல், தொற்றும் இரைப்பைக் குடலழற்சியில் கடும் மழுங்கல் என்று எழுத முடிகிறது. இலேசான சிதைவு என்று எழுதினால் வாக்கியம் நொண்டுகிறது.

சொல்லின் முற்பகுதியைப் பற்றி எனக்குப் பிடிவாதம் இல்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் குடலுறிஞ்சி என்கின்றன. இலங்கையில் சடைமுளை என்பர். சடைமுளை மழுங்கல் என்றாலும் பொருள் கெடவில்லை.

இதனோடு ஒட்டிய மற்றொரு சொல்லையும் இப்போதே முடிவுசெய்துவிடலாம். மழுங்கிய குடலால் பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கவோ உறிஞ்சவோ இயலாது. தங்கிவிடும் அச்சர்க்கரை நீரைக் குடலுக்குள் இழுத்துவைத்துக் கழிச்சலாக வெளியேற்றுகிறது. நச்சு சுரக்கும் ஈ. கோலை பாக்டீரியாவால் வருவது வேறு வகை: உறிஞ்சிகள் பெரும்பாலும் கெடாமல் இருக்க, நச்சு தூண்டியதால் குடலே நீரைச் சுரக்கிறது. முன்னதில் சாணம் பெரும்பாலும் அமிலத்தன்மையுடனும் பின்னதில் காரத்தன்மையுடனும் இருப்பதால், கொட்டிலிலேயே லிட்மஸ் தாளைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாம். பின்னதற்குச் ‘சுரப்புக் கழிச்சல்’ என்பதில் கருத்து வேறுபாடு எழவில்லை. முன்னதற்கு முன்மொழியப்பட்ட ‘உறிஞ்சாக் கழிச்சல்’ ஓசையில் நன்று. ஆனால், உறிஞ்சாதது கழிச்சல் அன்று, குடல். ஆகவே ‘உறிஞ்சாமைக் கழிச்சல்’ என்று திருத்த வேண்டுகிறேன்.

நோய்ப் பெயர்களை இப்போது தொட வேண்டாம். ‘தொற்றும் இரைப்பைக் குடலழற்சி’ என்ற பெயரிலுள்ள ‘அழற்சி’ அந்நோயின் தன்மைக்கு முழுமையாகப் பொருந்தவில்லை என்றாலும், உலகெங்கும் நிலைத்த பெயரைத் தமிழில் மட்டும் திருத்துவது நம் வேலையன்று.

பட்டியலில் சேர்க்கப் பின்வரும் வரையறையை முன்வைக்கிறேன். குடலுறிஞ்சி மழுங்கல்: சிறுகுடலின் உறிஞ்சிகளைப் போர்த்திய செல்கள் அழிந்து உதிர்வதால் அவ்வுறிஞ்சிகள் குட்டையாதல், குழிச்செல்கள் எஞ்சியிருப்பின் மீளக்கூடியது, உறிஞ்சாமைக் கழிச்சலுக்குக் காரணமாவது. மறுப்பு இருப்பின் எழுதுங்கள்.