வரலாறு நடந்த இடத்தில், அதே பருவத்தில் போய் நின்ற அனுபவம் உண்டா?

மூன்றாம்தெரு முருங்கை:

வேலி ஃபோர்ஜ் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம், அமெரிக்க விடுதலைப் போரில் வாஷிங்டன் படை குளிர்காலத்தில் தங்கிய முகாம். அமெரிக்கப் பள்ளியில் பிள்ளைகள் படிக்கிற வீடுகளில் அந்தப் படம் மனப்பாடம்: பனி, கந்தல் சுற்றிய கால்கள், குதிரை மேல் வாஷிங்டன். நாங்கள் போனது மே முதல் வாரம். திருநெல்வேலியிலிருந்து அப்பா வந்திருந்தார். ஃபிலடெல்ஃபியாவில் விடுதலை மணியைப் பார்த்துவிட்டு, பக்கம்தானே என்று வண்டியைத் திருப்பினேன். டாக்வுட் மரங்கள் வெள்ளை வெளேரென்று பூத்திருந்தன. சைக்கிள் ஓட்டுகிறவர்கள், நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறவர்கள், பாய் விரித்துச் சாப்பிடுகிறவர்கள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஜனவரியில் அல்லவா கூட்டி வந்திருக்க வேண்டும்!

மரக்கட்டைக் குடிசைகளைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். 14 அடிக்கு 16 அடி, அதற்குள் 12 பேர். அந்தக் காலத்து உடுப்புப் போட்ட தன்னார்வலர் ஒருவர் சொன்னார்: 1777 டிசம்பர் 19இலிருந்து 1778 ஜூன் 19 வரை இங்கே படை தங்கியது. சண்டையே நடக்கவில்லை. ஆனால் ஏறக்குறைய 2,000 பேர் நோயில் இறந்தார்கள். பெரும்பாலோர் இறந்தது குளிரில் அல்ல, மார்ச், ஏப்ரல், மே மாதங்களில். நான் அதை அப்பாவுக்குச் சொன்னேன். அப்பா நகராட்சியில் 31 வருஷம் சுகாதார ஆய்வாளராக இருந்தவர். உடனே, "செத்த குதிரைய எங்க பொதச்சாங்கன்னு கேளும்மா" என்றார்.

எனக்குக் கூச்சமாக இருந்தது. கேட்டுவிட்டேன். அந்த மனிதர் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அப்பாவையே பார்த்துப் பேச ஆரம்பித்தார். குளிர்காலத்தில் நூற்றுக்கணக்கில் குதிரைகள் செத்தன, உறைந்த மண்ணைத் தோண்ட ஆள் பலம் இல்லை, புதையுங்கள் புதையுங்கள் என்று வாஷிங்டன் திரும்பத் திரும்ப ஆணை போட்டார், கழிவறைக் குழியைத் தவிர வேறெங்கும் ஒதுங்கக் கூடாது என்றும் ஆணை போட்டார் என்றார். அப்பா குடிசையை விட்டு வெளியே வந்து சரிவைப் பார்த்தார். உள்ளங்கையை மேலே தூக்கி, மெல்லச் சாய்த்துக் கீழே இறக்கினார். "மேட்டுல ஆளு, பள்ளத்துல தண்ணி. வெயில் வந்ததும் எல்லாம் எறங்கிருக்கும்."

இப்போது எங்கள் அலுவலக வாசலில் டாக்வுட் பூக்கும்போதெல்லாம் அந்தக் கைதான் கண்ணில் நிற்கிறது. உங்களுக்கு இப்படி ஏதாவது உண்டா?


வேலூர் வெயிலன்:

கெட்டிஸ்பர்க். ஜூலை 3. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலத் தளபதி பிக்கெட்டின் படை எதிரியை நோக்கி நடந்து போன அந்த வெளியில், ஆண்டு நாளன்று பூங்கா ரேஞ்சர்களோடு நடக்கலாம். வேலூர்க்காரனுக்கு வெயில் ஒரு பொருட்டா என்று தொப்பிகூட இல்லாமல் போனேன். 1863இல் அன்று மதியம் இரண்டு மணிக்கு 87 டிகிரி ஃபாரன்ஹீட் என்று உள்ளூர்க் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் குறித்து வைத்திருக்கிறார். எங்கள் ஊரில் 87 என்றால் மார்கழி. ஆனால் அவர்களில் பலர் போட்டிருந்தது கம்பளித் துணி. நான் போட்டிருந்தது கதர்ச் சட்டை, அதுவே முதுகோடு ஒட்டிவிட்டது.

ஏறக்குறைய 12,500 பேர், ஒரு மைலுக்குச் சற்றுக் குறைவான திறந்த வெளி. சமதரை என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை, நடுவில் ஒரு பள்ளம். அதில் இறங்கினால், அன்று எதிரிப் படை நின்ற கல்சுவர் மறைந்துவிடும். புல்லும் வெட்டுக்கிளிச் சத்தமும்தான். ஒரு நிமிடம் யாரும் நம்மைப் பார்க்கவில்லை என்ற நிம்மதி வரும். பத்தடி ஏறினால் சுவர் மறுபடி எழும்பும், இந்த முறை கிட்டத்தில். சுவருக்குப் பின்னால் சுற்றுலா வந்த கூட்டம். ஆறேழு வயதுப் பையன் ஒருவன் குச்சியை எங்கள் பக்கம் நீட்டி, வாயாலேயே சுட்டான்.

எங்கள் கூட்டத்தில் நூறு பேருக்கு மேல் இருந்தோம். அத்தனை பேரும் நின்றுவிட்டோம். அவனுடைய அம்மா குச்சியைப் பிடுங்கினார். ரேஞ்சர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அன்று நடந்தவர்களில் பாதிப்பேர் செத்தார்கள், காயம்பட்டார்கள் அல்லது பிடிபட்டார்கள் என்று சொன்னார். அதை முன்பே படித்திருக்கிறேன். அந்தப் பையனுக்கு இப்போது பதினைந்து வயதிருக்கும்.


டெலவேர் கரை:

முருங்கைக்கு ஒரு திருத்தம். வேலி ஃபோர்ஜ் குளிர்காலம் அப்படியொன்றும் கொடூரமானது அல்ல. சுமாரான குளிர்தான். உண்மையான குளிர் வேண்டுமென்றால் அதே படையின் இன்னொரு குளிர்கால முகாம், மோரிஸ்டவுன், 1779-80. நியூயார்க் துறைமுகமே உறைந்து, அதன் மேல் சறுக்கு வண்டி ஓட்டினார்கள். அதையெல்லாம் யாரும் படமாக மாட்டுவதில்லை. இத்தனைக்கும் மோரிஸ்டவுனில் இறந்தவர்கள் மிகக் குறைவு. ஆகவே குளிர்தான் கொன்றது என்ற கதையை முதலில் விடுங்கள்.

என் அனுபவம் வாஷிங்டன் கிராசிங். 1776 டிசம்பர் 25 இரவு, வாஷிங்டனோடு 2,400 பேர், பனிக்கட்டி மிதக்கும் டெலவேர் ஆற்றைக் கடந்தார்கள், மறுநாள் காலை ட்ரென்டன் ஊரில் பிரிட்டனுக்காகப் போரிட்ட ஜெர்மானியச் சிப்பாய்கள், ஹெஸ்ஸியர்கள், 900 பேர் அளவில் சரண். வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் அன்று நடித்துக் காட்டுவார்கள், ஆறு சம்மதித்தால். நான் நாலு தடவை போய், அவர்கள் கடந்ததைப் பார்த்தது இரண்டே தடவை. மற்ற இரண்டும் காற்று, இல்லாவிட்டால் தண்ணீர் மட்டம். ஒரு தடவை, தள்ளுகோல் பிடித்திருந்த ஒருவர் கரையேறி நேரே என்னிடம் வந்து ஃபிளாஸ்க்கை நீட்டினார். திறந்து கொடுக்கச் சொல்கிறார். விரல் மடங்கவில்லை. பனி கிடையாது, மழை கிடையாது, பட்டப்பகல். திறந்து கொடுத்தேன், பிடிக்கவும் முடியவில்லை. கடைசியில் நானே வாயில் ஊற்றினேன், குழந்தைக்கு ஊற்றுவதுபோல.


மூன்றாம்தெரு முருங்கை:

கரை, நீங்கள் சொன்னதைத்தானே அப்பாவும் சொன்னார்! இதில் திருத்தம் எங்கே வந்தது?


டெலவேர் கரை:

படத்தைப் பற்றிச் சொன்னேன். அப்பாவைச் சொல்லவில்லை.


அத்தை சொன்னா கேட்கணும்:

நான் கெட்டிஸ்பர்க் போனது நவம்பர் 19, லிங்கன் கல்லறைத் தோட்டத்தில் பேசிய நாள். ஒருவர் லிங்கன் வேஷத்தில் எழுந்து அந்தப் பேச்சைப் பேசினார், நான் மூக்கைச் சிந்தி நிமிர்வதற்குள் முடிந்துவிட்டது. (1863இல் லிங்கனுக்கு முன்னால் எவரெட் என்ற பேச்சாளர் இரண்டு மணி நேரம் பேசியிருக்கிறார். நல்லவேளை, அவர் வேஷத்தை யாரும் போடவில்லை.)

அது கிடக்கட்டும். வெயிலன் தம்பி புல்லுக்குள் நடந்தேன் என்று எழுதியிருக்கிறாரே, உண்ணி பற்றி ஒரு வார்த்தை உண்டா? பென்சில்வேனியாவில் உண்ணி கடித்து வரும் லைம் நோய் சர்வ சாதாரணம். பேன்ட் நுனியை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். வெளிர் நிறத் துணி போடுங்கள், ஊர்ந்தால் தெரியும். ராத்திரி குளிக்கும்போது முழங்காலுக்குப் பின்புறம், இடுப்பு மடிப்பு, காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள், எல்லாம் தடவிப் பாருங்கள். பிள்ளைகளை நீங்களே பாருங்கள், "பார்த்துட்டேன்" என்று அவர்கள் சொன்னால் நம்ப வேண்டாம். உண்ணி கடித்துக்கொண்டிருந்தால் எண்ணெய் விடாதீர்கள், நெருப்பு வைக்காதீர்கள். சிறு இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். பிற்பாடு வட்டமாகச் சிவந்தாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போய், இந்தத் தேதியில் இங்கே போனேன் என்று சொல்லுங்கள்.

அப்புறம், கெட்டிஸ்பர்க்கில் உரிமம் பெற்ற வழிகாட்டிகள் உங்கள் வண்டியிலேயே ஏறி, அவர்களே ஓட்டிக்கொண்டு கதை சொல்வார்கள். முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். தயிர்சாதம் கட்டிக்கொண்டு போங்கள். ஊறுகாயைத் தனி டப்பாவில் வையுங்கள், வண்டி வாரக்கணக்கில் மணக்கும். முருங்கையின் அப்பாவுக்கு முட்டி வலி இருந்தால் அங்குள்ள லிட்டில் ரவுண்ட் டாப் குன்றில் ஏற விட வேண்டாம்.


வேலூர் வெயிலன்:

அத்தை, அது எட்டு வருஷத்துக்கு முன்னால். இதுவரை ஒன்றும் கடிக்கவில்லை.


மடக்குக்குடை:

டாலஸ், நவம்பர் 22, அதிபர் கென்னடி சுடப்பட்ட நாள். வேலை அங்கே பக்கத்துக் கட்டடத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் இறங்கிப் போனேன். காலையிலிருந்து தூறல், பதினொரு மணிக்கு விட்டுவிட்டது. 1963லும் இதேதான். காலையில் மழை, கென்னடி ஃபோர்ட் வொர்த்தில் தூறலில் நின்று பேசியிருக்கிறார். டாலஸில் வானம் வெளுத்தது, காரின் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கூரையை மாட்டவில்லை. மணி 12:30.

எல்ம் தெருவில், குண்டு பட்ட இடத்தில், சாலை நடுவே வெள்ளையாக ஒரு எக்ஸ் குறி. சிக்னல் சிவப்பானதும் ஆட்கள் ஓடிப்போய் அதன்மேல் நின்று படம் எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள். அன்றைக்கு ஒரு அப்பா தன் போனை என் கையில் கொடுத்துவிட்டு, மகளோடு ஓடினார். குடையை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பெண் இரண்டு விரலைக் காட்டிச் சிரிக்கிறாள். பின்னால் கார் ஹாரன். "இன்னொன்று, இன்னொன்று" என்கிறார். எடுத்தேன். இரண்டாவது படம்தான் நன்றாக வந்தது, வெயில் முகத்தில் சரியாக விழுந்தது. எடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம், சொல்லத் தோன்றவில்லை. அன்று மழை நின்றிருக்காவிட்டால் என்று சாயங்காலம் வரை அதுவே ஓடிக்கொண்டிருந்தது.


டெலவேர் கரை:

அந்தக் கூரை குண்டு துளைக்காத கூரை அல்ல. மழைக்கும் காற்றுக்கும்தான். மாட்டியிருந்தாலும் தடுத்திருக்காது.


மடக்குக்குடை:

தெரியும். குறி பார்க்கிறவன் கண்ணில் வெளிச்சம் பட்டுக் கூசியிருக்கலாம் இல்லையா? இதற்கு முடிவே கிடையாது, விடுங்கள்.


படகுத்துறை மருமகள்:

எல்லாரும் குண்டடியாகவே எழுதுகிறீர்கள். 1965 அக்டோபர் 3. சுதந்திர தேவி சிலையடியில் ஜான்சன் போட்ட குடியேற்றச் சட்டக் கையெழுத்து இல்லாவிட்டால் நம்மில் பாதிப்பேர் இங்கே உட்கார்ந்து தட்டச்சிட முடியாது. அதற்கு முன் இந்தியாவுக்கு வருஷத்துக்கு நூறு பேர் என்ற கணக்கு. மாமியாரைப் போன அக்டோபரில் கூட்டிப் போனேன். படகில் காற்று வெட்டியது. முந்தானையால் காதை மூடிக்கொண்டு, "இங்கயா போட்டாரு? உள்ள உக்காந்து போட்டிருக்கக் கூடாதா?" என்றார். அவ்வளவுதான் என் கதை.


பனங்கிழங்கு:

நான் அதிகம் எழுதுறதில்லை. கலிஃபோர்னியாவில் இருக்கிறன். மன்சனார் எண்டு ஒரு இடம், பேர் ஸ்பானிஷில் ஆப்பிள் தோட்டம். 1942 பிப்ரவரி 19இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் ஆணையில கையெழுத்து வைச்ச பிறகு, ஜப்பானிய வழியில வந்த ஒரு லட்சத்து இருபதாயிரம் பேர் அளவில் வீடு வாசல் விட்டுப் பிடிச்சுக்கொண்டு போகப்பட்டினம். அதில பத்தாயிரம் பேருக்கு மேல இங்க. கனபேர் அமெரிக்கக் குடிமக்கள்.

ஏப்ரல் மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனனான். மலையில பனி இன்னும் கிடக்குது, கீழ புழுதிக்காத்து. முகாமுக்கும் முந்தின காலத்துப் பேரிக்காய் மரங்கள் இப்பவும் நிக்குது, பூத்திருந்தது. பெண்களின்ரை மலசலகூடத்தைத் திரும்பக் கட்டி வைச்சிருக்கினம். நடுவில மறைப்பு ஒண்டும் இல்லை, இருக்கைகள் மட்டும் வரிசையாக.

நாங்கள் 2009இல் வவுனியாவில் முகாமில் இருந்தனாங்கள். அதைப் பற்றி வீட்டில கதைக்கிறதில்லை. அம்மா உள்ள போனா. கொஞ்ச நேரம் வரேல்லை. நான் எட்டிப் பாத்தன். தன்ரை சால்வையைக் கழட்டி, ரெண்டு கையாலயும் விரிச்சு, ரெண்டு இருக்கைக்கு நடுவில பிடிச்சுக்கொண்டு நிண்டவ. அங்க ஒருத்தரும் இல்லை. என்னைக் கண்டதும் மடிச்சுத் தோளில போட்டிட்டு, "காத்து கூட, வா போவம்" எண்டா.


அத்தை சொன்னா கேட்கணும்:

அம்மாவை நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.


மூன்றாம்தெரு முருங்கை:

பனங்கிழங்கு, நேற்று ராத்திரி அப்பாவுக்குப் போனில் இதை வாசித்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு, "ஒரு கட்டடத்துக்கு எத்தன பேருன்னு அந்தத் தம்பிட்ட கேளும்மா" என்றார். கோபித்துக்கொள்ளாதீர்கள். அவருக்கு அப்படித்தான் கேட்கத் தெரியும்.


பனங்கிழங்கு:

கோபம் ஒண்டும் இல்லை அக்கா. மன்சனாரில் ஒரு பிளாக்குக்கு 14 நீளக் கொட்டகை, 200 முதல் 400 சனம். அந்த முழு பிளாக்குக்கும் மலசலகூடம் பெண்களுக்கு ஒண்டு, ஆண்களுக்கு ஒண்டு. எங்கடை முகாமில எத்தனை எண்டு நான் எண்ணேல்லை. ஐயாவுக்குச் சொல்லுங்கோ, அம்மாட்டைக் கேட்டு எழுதுறன்.