கிட்டார்ல பவர் கார்ட் பிடிபட்ட அந்த நாள்: உங்களுக்கு எப்படி?

ஆறாங்கம்பி
எனக்கு ஜி5 தான், ஜி சுரமும் அதோட அஞ்சாவது சுரமும் மட்டும் சேர்ந்து ஒலிக்கிற பவர் கார்ட். ஆறாம் கம்பி (தடிச்சது) 3வது ஃப்ரெட் (கழுத்துல குறுக்கே இருக்கிற உலோகப் பட்டை), அஞ்சும் நாலும் 5வது ஃப்ரெட். ஆம்ப் வேண்டாத அக்கௌஸ்டிக் கிட்டார்ல மூணு மாசம் அடிச்சேன், சரியா இருக்குன்னுதான் நம்பினேன். போன வாரம் நண்பர் வீட்டு ஆம்ப்ல (கிட்டார் ஒலிபெருக்கி) டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்குறது) போட்டதும் ஆறு கம்பியும் சேர்ந்து இரைஞ்சுது, கையை எடுத்தும் நிக்கல. அவர் ஒண்ணும் பேசல. என் ஆள்காட்டி விரலைப் பிடிச்சு, நிமிர்ந்து நின்னதைக் கொஞ்சம் சாய்ச்சு, கீழ இருக்கிற 3, 2, 1 கம்பிங்க மேல படுக்க வச்சார். அடுத்த அடி 'ஜக்'குன்னு விழுந்து அங்கேயே நின்னுது. அந்த விரலை இன்னும் பார்த்துக்கிட்டே இருக்கேன். இதை ஏன் யாரும் முதல் நாளே சொல்றதில்ல?

பாம்மியூட்
ஆம்ப் மேல பழி போடாதீங்க. அக்கௌஸ்டிக்லயே காதுல விழுந்திருக்கணும். ரெண்டாம் கம்பியைச் அழுத்தாம, அடக்காம விட்டா அது பி சுரம். ஜிக்கு மூணாவது சுரம் அதுதானே? அது ஒலிச்சா மேஜர் கார்ட் ஆயிடும், பவர் கார்டே இல்ல. வேர்ச்சுரமும் (கார்டுக்குப் பேர் தர்ற சுரம்) அஞ்சாவதும் 3:2 அதிர்வு விகிதத்துல பொருந்துறதாலதான் டிஸ்டார்ஷன்ல கட்டியா நிக்குது. மூணாவது நுழைஞ்சா கலங்கிடும்.

சின்னக்கை
எனக்கு சுண்டுவிரல்தான் பிரச்சினை. எட்டவே எட்டாது, ஒருநாள் அழுதுட்டேன்.

புதுசா வர்றவங்க 3வது ஃப்ரெட்ல தொடங்காதீங்க. 9வதுக்குப் போங்க, அங்க இடைவெளி குறைவு. மோதிர விரல் அஞ்சாம் கம்பிக்கு, சுண்டுவிரல் நாலுக்கு. கட்டைவிரல் கழுத்துக்குப் பின்னால நடுவுல இருக்கட்டும். பிடிச்சதும் ஒவ்வொரு கம்பியா மீட்டுங்க: மூணு பாடணும், மூணு 'டக்'குன்னு சாகணும். இடம் மாறும்போது விரலைத் தளர்த்துங்க, கம்பியை விட்டு எடுக்காதீங்க. எடுத்தா அந்த இடைவெளியிலதான் இரைச்சல் வரும். ஒரு வாரத்துக்கு ஒரு ஃப்ரெட் கீழ இறங்கினா போதும். கை சின்னதுன்னு விட்டுடாதீங்க. பிளாக் சபாத் ராக் குழுவோட கிட்டார் கலைஞர் டோனி அயோமிக்கு 1965ல பர்மிங்ஹாம் தகட்டு ஆலையில ரெண்டு விரல் நுனி போச்சு. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செஞ்சு போட்டுக்கிட்டு வாசிச்சவர் அவர்.

டிராப்டி
ஆறாம் கம்பியை ஈ சுரத்திலிருந்து டீ சுரத்துக்கு இறக்கினா ஒரே விரல் போதுமே?

சின்னக்கை
போதும். ஆனா அஞ்சாம் கம்பியில வேர் வச்சுப் பிடிக்கிற சி5க்கு அதே பழைய விரிப்புதான் வேணும். அதைத் தள்ளிப்போட்டுத்தான் எனக்கு ஒரு வருஷம் போச்சு.

ஆறாங்கம்பி
பாம்மியூட், இப்பதான் ரெண்டாம் கம்பியைத் தனியா மீட்டிப் பார்த்தேன். ஆமா, பி லேசா பாடிக்கிட்டுதான் இருக்கு.