பொருள்: ‘டைரக்டரி இன்ஃபர்மேஷன்’ – தமிழ்ச் சொல் தேவை, வெள்ளிக்குள்

நியூ ஜெர்சியிலிருந்து:

குழுமத்தாருக்கு வணக்கம். இங்குள்ள பள்ளி மாவட்டம் ஒன்று ஆண்டுதோறும் பெற்றோருக்கு அனுப்பும் தனியுரிமை அறிவிப்பைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘டைரக்டரி இன்ஃபர்மேஷன்’ என்ற இடத்தில் நிற்கிறேன்.

மாணவர் பதிவுகளின் தனியுரிமையைக் காக்கும் 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா என்ற அமெரிக்கச் சட்டப்படி, மாணவரின் பதிவேட்டு விவரங்களை வெளியாருக்குக் கொடுக்கப் பொதுவாகப் பெற்றோரின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும். விதிவிலக்குகளில் ஒன்று இந்த ‘டைரக்டரி இன்ஃபர்மேஷன்’ வகை. பெயர், முகவரி, தொலைபேசி எண், பிறந்த தேதி, ஒளிப்படம், வாங்கிய பரிசுகள், விளையாட்டு அணியில் இருந்தால் உயரமும் எடையும்கூட இதில் அடங்கலாம். எவற்றை இந்த வகையில் சேர்த்திருக்கிறோம் என்று பள்ளி அறிவிக்க வேண்டும். குறித்த நாளுக்குள் பெற்றோர் எழுதித் தடுக்காவிட்டால் கேட்பவருக்குக் கொடுத்துவிடலாம். பழைய மொழிபெயர்ப்பில் ‘அடைவுத் தகவல்’ என்று இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமா?

மதுரையிலிருந்து:

தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. அடைவு பழைய சொல். ‘அடைவே’ என்றால் வரிசையாக, முறையாக. கணினியில் கோப்புகளை வைக்கும் இடத்துக்கும் அடைவு என்று வழங்குகிறோம். நாட்டியத்தின் அடவும் இதன் உறவுதான் என்பது என் துணிபு. அங்கும் ஒழுங்கே அடிப்படை. அட்டவணையையும் இதோடு சேர்ப்பவர்கள் உண்டு. அதை நான் ஏற்பதில்லை. ஏன் என்று தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஐயா, மன்னிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் நகையை வங்கியில் வைத்துப் பணம் வாங்குவதுதான் அடைவு. பள்ளிக்கூடத்தில் வந்தால் அது ‘அடைவு மட்டம்’, அதாவது பிள்ளை எந்த அளவுக்குக் கற்றிருக்கிறது என்பது. தமிழ்நாட்டிலும் ‘அடைவுத் தேர்வு’ நடக்கிறதே. ‘உங்கள் பிள்ளையின் அடைவுத் தகவல்’ என்று கடிதம் வந்தால் ஒரு தாய் அதைப் பிள்ளை தேர்வில் வாங்கிய புள்ளிகளென்று எண்ணி ஓரமாக வைத்துவிடுவார். அதற்குள் தடுப்பதற்கான நாளும் கடந்துவிடும். பள்ளி மாவட்டம் என்பதும் எனக்கு இடிக்கிறது. எங்களுக்கு அது கல்வி வலயம்.

மதுரையிலிருந்து:

எங்களுக்குக் கல்வி மாவட்டம். ஆனால் அமெரிக்காவில் அது பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவோடு தனியாக இயங்கும் அமைப்பு. பள்ளி மாவட்டம் என்றே இருக்கட்டும். அடைவைப் பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ‘பொது விவரம்’ எப்படி?

டொராண்டோவிலிருந்து:

வேண்டவே வேண்டாம். பொது என்றால் ஏற்கெனவே ஊரறிந்தது என்று பொருள் தொனிக்கிறது. 2024 டிசம்பரில், பள்ளிகளுக்கு மாணவர் பதிவு மென்பொருள் தரும் பவர்ஸ்கூல் நிறுவனத்தின் வாடிக்கையாளர் உதவித் தளத்துக்குள் திருடிய கடவுச்சொல்லோடு புகுந்தவர்கள், வட அமெரிக்கா முழுவதும் எத்தனையோ பள்ளி வாரியங்களின் மாணவர் பதிவுகளை அள்ளிக்கொண்டு போனார்கள். டொராண்டோ பள்ளி வாரியமும் அதில் அகப்பட்டது. திருடியவர்களுக்கு நிறுவனம் பணம் கொடுத்தது. அப்படியும் 2025 மே மாதத்தில் பள்ளிகளுக்கே மிரட்டல் வந்தது. அங்கே போனவற்றிலும் பெயர், முகவரி, பிறந்த தேதி இருந்தன. பிள்ளையின் பெயரும் வகுப்பும் தெரிந்தவன் ‘கட்டணம் பாக்கி’ என்று மின்னஞ்சல் அனுப்பினால் எந்தப் பெற்றோர் சந்தேகப்படுவார்? இவற்றைச் சாதாரணமானவை என்று காட்டும் எந்தச் சொல்லையும் நான் எதிர்க்கிறேன். ‘தடுக்காவிட்டால் வெளியிடப்படும் விவரங்கள்’ என்று நீட்டியே எழுதுங்கள்.

கோவையிலிருந்து:

அது விளக்கம், கலைச்சொல் ஆகாது. ‘வெளியிடு’ என்பதை வினைத்தொகையாக வைக்கலாம். வெளியிட்ட, வெளியிடுகிற, வெளியிடும் என்று மூன்று காலமும் அதற்குள் கரந்திருக்கும். பள்ளி கொடுத்ததும் கொடுக்கப்போவதும் ஒரே சொல்லில் அடங்கிவிடும். விவரம் வடசொல் ஆதலால் ‘வெளியிடு விளத்தம்’ என்பதே என் பரிந்துரை.

யாழ்ப்பாணத்திலிருந்து:

விளத்தம் என்றால் என்னவென்று பெற்றோர் யாரிடம் போய்க் கேட்பது, அண்ணா? இது பிள்ளையின் முகவரி பற்றிய கடிதம்.

மதுரையிலிருந்து:

வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்தி வந்தால் வடசொல்லும் செய்யுளுக்கு ஆகும் என்று தொல்காப்பியரே இடம் கொடுத்திருக்கிறார். விவரத்தில் எந்த வடவெழுத்து இருக்கிறது? இன்னொன்று. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிரம்பாதவர் குழந்தை. பெற்றோர் தெளிவாக ஒப்புக்கொண்டால்தான் சம்மதம். அமெரிக்காவின் இந்த விதியில் மௌனம் சம்மதம். இந்த வேறுபாடு தலைப்பிலேயே தெரிய வேண்டும். தடுப்பதற்கான படிவத்துக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்? ‘விலகல் படிவம்’ என்றால் பிள்ளையைப் பள்ளியிலிருந்து விலக்குவதாக ஆகிவிடும்.

நியூ ஜெர்சியிலிருந்து:

நல்ல வேளை கேட்டீர்கள், ஐயா. விலகல் என்றுதான் இருந்தது. இப்போது ‘வெளியிட மறுப்புப் படிவம்’ என்று மாற்றிவிட்டேன். தனி மடலில் வந்த கருத்துகளையும் சேர்த்தால் ‘வெளியிடு விவரம்’ என்பதற்கே ஆதரவு கூடுதல். அதைத் தலைப்பில் வைத்து, டொராண்டோ நண்பரின் நீண்ட தொடரை அடுத்த வரியில் தடித்த எழுத்தில் போடுகிறேன். உயர்நிலைப் பள்ளிப் படிவத்தில் இராணுவ ஆள்சேர்ப்பாளருக்குப் பெயர், முகவரி, தொலைபேசி எண் கொடுப்பதைத் தடுக்கத் தனிக் கட்டம் இருக்கிறது. அதையும் அப்படியே தமிழாக்கியிருக்கிறேன்.

கோவையிலிருந்து:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. இன்று புரியாத சொல்லைப் பழக்கத்துக்குக் கொண்டுவருவது அறிவிப்புகள்தான். தனியுரிமை என்ற சொல்லையும் ஒரு காலத்தில் யாருக்கும் புரியாது என்றார்கள். சொற்பட்டியலில் விளத்தத்தையும் மாற்றுச் சொல்லாகப் பதிந்துவையுங்கள்.

டொராண்டோவிலிருந்து:

பட்டியலில் எதை வேண்டுமானாலும் பதியுங்கள். தடித்த எழுத்து வரியை மட்டும் இடம் போதவில்லை என்று அச்சகத்தில் வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அக்கா.