எங்கள் தொட்டி நிரம்பியதே இல்லை

கிணற்று வீட்டுக்காரி:

எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குறை சொன்னவர்களே கிடையாது. கலங்காது, நாறாது, ருசியும் நன்றாகவே இருக்கும். ஆனால் மழைக்காலம் வந்து கிணற்றில் நீர் மேலேறினால் வீட்டில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வரும். நீர் இறங்கியதும் நின்றுவிடும். பருவம் மாறினால் உடம்புக்கு வருவதுதான் என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். மருத்துவர் மட்டும், "எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள்?" என்று கேட்டார். பரிசோதனைக்குக் கொடுத்தோம். மலத்திலிருந்து வரும் ஈ.கோலை கிருமி இருக்கிறது, நைட்ரேட் உப்பும் வரம்பைத் தாண்டியிருக்கிறது என்று வந்தது.

பக்கத்து வீட்டுக் கழிப்பறைத் தொட்டி எங்கள் கிணற்றுக்கு மேட்டுப்பக்கம் இருக்கிறது. கட்டிய நாளிலிருந்து ஒருமுறைகூட லாரியைக் கூப்பிட்டதில்லை, அவ்வளவு நல்ல தொட்டி என்று அந்த வீட்டு அண்ணன் பெருமையாகச் சொல்லுவார். எனக்கு இப்போது அந்தப் பெருமைமீதுதான் சந்தேகம். இதே போலப் பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

கொத்து வேலை செய்பவர்:

சந்தேகம் சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது, அம்மா. முறையாகக் கட்டிய செப்டிக் டேங்க் எப்போதும் நிரம்பியேதான் இருக்கும். அடியில் கான்கிரீட் தளம், நாலு பக்கமும் பூசிய சுவர், நடுவில் ஒரு தடுப்பு. உள்ளே எவ்வளவு தண்ணீர் வருகிறதோ அவ்வளவும் மறுபக்கக் குழாய் வழியாக வெளியேறி உறிஞ்சுகுழிக்குப் போகும். கசடு அடியில் தங்கும், எண்ணெய்ப் பசை மேலே மிதக்கும். கசடு சேரச் சேரச் சில வருடங்களுக்கு ஒருமுறை எடுத்தே ஆக வேண்டும். எடுக்கவே தேவைப்படாத தொட்டி என்றால், பெரும்பாலும் அதற்கு அடித்தளமே இருக்காது.

கிராமத்தில் செப்டிக் டேங்க் என்று பேர் சொல்லி இறக்குவதெல்லாம் சிமெண்ட் உறைகள்தான். ஒன்றன்மேல் ஒன்றாக உறை இறக்கி, அடியை மண்ணாகவே விட்டு, மேலே மூடி போட்டால் வேலை முடிந்தது. இன்னும் இரண்டு உறை போடுங்கள், ஆழமாகப் போனால் நிரம்பாது என்று வீட்டுக்காரர்களே கேட்பார்கள். நிரம்பாதுதான். ஆழம் போகப் போக நிலத்தடி நீர்மட்டத்தை நெருங்குகிறோம் என்பதை யாரும் நினைப்பதில்லை.

கசடு எடுக்கும் லாரி ஓட்டுபவர்:

இந்த உறைக் குழிகளைப் பற்றி நான் பார்த்ததைச் சொல்கிறேன். நல்ல மழை பெய்து ஓய்ந்த பிறகு, கழிப்பறையில் தண்ணீர் இறங்கவில்லை என்று கூப்பிடுவார்கள். குழாயைப் போட்டு உறிஞ்சுவோம். அடிவரை எடுத்து முடித்துக் குழாயைச் சுருட்டுவதற்குள் குழிக்குள் மறுபடியும் தண்ணீர் ஏறியிருக்கும். மூடியைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தால் நாலு பக்கமும் உறை இடுக்குகளிலிருந்து தெளிந்த தண்ணீர் ஊறிக்கொண்டிருக்கும். அது வீட்டிலிருந்து வருகிற தண்ணீர் இல்லை, ஊற்று. வீட்டுக்காரர் என்மேல் கோபப்படுவார், சரியாக எடுக்கவில்லை என்று. நிலத்தடி நீரையே வண்டியில் ஏற்றச் சொன்னால் நான் என்ன செய்ய முடியும்? மழைக்காலத்தில் ஊற்று குழிக்குள் வருகிறது என்றால், நீர்மட்டம் இறங்கும்போது குழியில் இருப்பது எந்தப் பக்கம் போகும் என்று அவரவரே யோசிக்கட்டும்.

இன்னொன்று. எடுத்த கசடைக் கொண்டுபோய்ச் சுத்திகரிக்க நிலையம் இல்லாத ஊர்களில் அது இரவோடு இரவாக ஓடையோரமோ தரிசிலோ கொட்டப்படுகிறது. இதையும் இங்கே பேச வேண்டும். குழியில் எட்டிப் பார்க்கவோ அடைப்பு எடுக்கவோ யாரையும் உள்ளே இறங்கச் சொல்லாதீர்கள். உள்ளே இருக்கும் வாயு நொடியில் ஆளைச் சாய்த்துவிடும்.

நீர் ஆய்வகத்தில் பணிபுரிபவர்:

தொட்டி சுத்தம் செய்கிறது என்று நினைப்பதில்தான் குழப்பமே தொடங்குகிறது. தொட்டி பிரித்து மட்டுமே வைக்கிறது. அதிலிருந்து வெளியேறும் நீரில் கிருமிகள் ஏராளம். சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியமும் அப்படியே இருக்கிறது. உண்மையான வேலையைச் செய்வது உறிஞ்சுகுழிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே உள்ள, நீர் தேங்காத மண்தான். காற்று புகும் அந்த மண்ணில் பாக்டீரியாக்கள் சிக்கிச் சாகின்றன. வைரஸ்கள் அவற்றைவிட மிகச் சிறியவை என்பதால் இன்னும் தூரம் போகக்கூடும். அந்த மண்ணே இல்லாமல் குழி நேராக நீர்மட்டத்தில் உட்கார்ந்துவிட்டால் வடிகட்ட எதுவுமே இல்லை.

நைட்ரேட்டின் கதை வேறு. காற்றுள்ள மண்ணில் அந்த அம்மோனியமே நைட்ரேட்டாக மாறுகிறது. மண் துகள்கள் அதைப் பிடித்து வைப்பதில்லை, எனவே தண்ணீர் போகும் இடமெல்லாம் அதுவும் போகும். ஆகவே மண் நன்றாக வேலை செய்த இடத்திலும் கிருமி இல்லாமல் நைட்ரேட் மட்டும் ஏறியிருக்கலாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும். பிளீச்சிங் பவுடரும் அதைத் தொடாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மாவு கரைத்துக் கொடுக்கவே கூடாது. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறன் குறைந்து குழந்தையின் உடம்பு நீலம் பாரிக்கும்.

அறிக்கையை வாசிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட். சில ஆய்வகங்கள் நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனை மட்டும் கணக்கிட்டு எழுதும். அப்போது அதே வரம்பு ஏறத்தாழ 11. எந்தக் கணக்கு என்று தெரியாமல் 20 என்ற எண்ணைப் பார்த்து நிம்மதியடைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டாரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் ஒரு வார்த்தை. மாட்டுக் கொட்டகையும் உரமிட்ட வயலும்கூட நைட்ரேட்டைத் தரும். ஈ.கோலை மனிதரிடமிருந்து வந்ததா மாட்டிடமிருந்து வந்ததா என்று சாதாரணப் பரிசோதனை சொல்லாது. கோடையில் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று என இரண்டு மாதிரிகள் எடுத்துப் பாருங்கள்.

ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்:

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. எங்கள் தாத்தா காலத்திலிருந்து கிணறும் கழிவுக்குழியும் ஒரே தோட்டத்தில்தான். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பயமாக இருந்தால் ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டுப் போகலாமே?

கொத்து வேலை செய்பவர்:

தாத்தா காலத்தில் ஒரு சொம்புத் தண்ணீர்தான் குழிக்குள் போனது, அண்ணா. இப்போது ஒவ்வொரு முறையும் வாளி வாளியாகப் போகிறது, வீடுகளும் நெருங்கிவிட்டன. ஆழ்துளைக் கிணற்றையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. பாறை வந்ததும், மண் சரியாமல் இருக்கத் துளைக்குள் இறக்கும் கேசிங் பைப்பை நிறுத்திவிடுகிறார்கள்; பைப்புக்கும் மண்ணுக்கும் நடுவே உள்ள இடுக்கைச் சிமெண்ட் கலவையால் அடைப்பதும் அபூர்வம். மேல்மண்ணின் கழிவு அந்த இடுக்கு வழியாகவே கீழே இறங்கும். பாறையில் வெடிப்பு இருந்தால் இன்னும் வேகம்; அங்கே வடிகட்ட மண் கிடையாது.

கிணற்று வீட்டுக்காரி:

எவ்வளவு தூரம் இருந்தால் போதும்?

நீர் ஆய்வகத்தில் பணிபுரிபவர்:

பேரிடர் முகாம்களுக்காக எழுதப்பட்ட ஸ்பியர் கையேடு, நிலத்தடி நீர் எடுக்கும் இடத்திலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளி, குழியின் அடி நீர்மட்டத்துக்கு 1.5 மீட்டராவது மேலே இருக்க வேண்டும் என்கிறது. இந்த இரண்டாவது அளவைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நீர்மட்டம் என்றால் கோடை மட்டம் இல்லை. மழைக்காலத்தில் கிணற்றில் தண்ணீர் எங்கே நிற்கிறதோ அது.

கிணற்று வீட்டுக்காரி:

கயிறு விட்டு அளந்து பார்த்தோம். மழைக்காலத்தில் அந்தக் குழியின் அடிப்பாதி தண்ணீருக்குள் இருக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணனிடம் அறிக்கையைக் காட்டினேன். முதலில் முகம் சுளித்தார். அவர்கள் வீட்டுக் கைபம்புத் தண்ணீரையும் சோதித்துப் பார்த்தபோது அதிலும் ஈ.கோலை இருந்தது. அதன் பிறகு பேச்சு சுலபமாகிவிட்டது. தளம் போட்ட தொட்டி கட்டி, தாழ்வான பக்கத்தில் ஆழமில்லாத ஜல்லி வாய்க்கால் வெட்டிக் கழிவுநீரை விட ஒப்புக்கொண்டிருக்கிறார். பழைய குழியை என்ன செய்வது என்றுதான் இப்போது தெரியவில்லை. அப்படியே மண் போட்டு மூடிவிடலாமா?

கசடு எடுக்கும் லாரி ஓட்டுபவர்:

வேண்டாம். முதலில் கசடு முழுவதையும் எடுத்துவிடுங்கள். கோடையில், ஊற்று இறங்கிய பிறகு கூப்பிடுங்கள்.