1,400 கிலோ கேரவன் இழுக்க, 8,000 பவுண்டுக்குள் பழைய கார்: எதை எடுக்கலாம்?

குரோய்டன்வாசி

வணக்கம். நாலு பேர் படுக்கும் பழைய கேரவன் ஒன்றைப் பேசி வைத்திருக்கிறோம். ஒற்றை அச்சு. பிளேட்டில் எம்டிபிஎல்எம் (சரக்கோடு சேர்ந்த அதிகபட்ச எடை) 1,400 கிலோ, எம்ஐஆர்ஓ (சரக்கு ஏற்றாத எடை) 1,250 கிலோ என்று இருக்கிறது. இழுக்கும் காருக்கு டோபார் (கேரவன் மாட்டும் கொக்கி) செலவும் சேர்த்து 8,000 பவுண்டு வைத்திருக்கிறேன். வீடு லண்டனுக்குள் என்பதால், புகை அதிகம் விடும் வண்டிகளுக்கு வாங்கும் யூலெஸ் கட்டணம் வரக்கூடாது. வார நாட்களில் பள்ளிக்கூடம், கடை என்று குறுகிய ஓட்டம்தான். லைசென்ஸ் எடுத்தது 2009இல்.

யோசித்து வைத்திருப்பது ஸ்கோடா சூப்பர்ப் எஸ்டேட் 2.0 டீசல், கியா சொரெண்டோ 2.2 ஆட்டோமேட்டிக். கையில் பழைய பிரியஸ் ஒன்று இருக்கிறது, அதிலேயே கொக்கி போட முடியுமா?

நாலுசக்கரம்

முதலில் பிரியஸை மறந்துவிடுங்கள். பழைய தலைமுறைப் பிரியஸுக்கு இழுவை அனுமதியே கிடையாது. லைசென்ஸ் பிரச்சினை இல்லை. 2021 டிசம்பர் 16 முதல் சாதாரண பி பிரிவு லைசென்ஸுக்கே 3,500 கிலோ வரை இழுக்கலாம்.

மாடல் பெயருக்கு முன்னால் எடையைப் பாருங்கள். கேரவனின் முழு எடை, அதாவது எம்டிபிஎல்எம், காரின் கெர்ப் எடையில் (சரக்கு ஏற்றாத காரின் எடை) 85 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது இங்கே புதிதாக இழுப்பவர்களுக்குச் சொல்லும் அளவு. சட்டம் இல்லைதான், ஆனாலும் பிடித்துக்கொள்ளுங்கள். 1,400ஐ 0.85ஆல் வகுத்தால் 1,647 கிலோ. சூப்பர்ப் எஸ்டேட் டீசல் 1,500 கிலோவை ஒட்டித்தான் வரும். அப்போது விகிதம் 93 சதவீதம். லாரி உரசிக்கொண்டு தாண்டும்போதும் இறக்கத்திலும் கேரவன் வாலை ஆட்ட ஆரம்பித்தால் அடக்குவது காரின் எடைதான், குதிரைத்திறன் இல்லை. சொரெண்டோ 1,900 கிலோ பக்கம் இருப்பதால் அந்த வகையில் நல்ல தேர்வு.

கம்பெனி சொல்லும் இழுவை வரம்பை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். 12 சதவீத ஏற்றத்தில் நின்ற வண்டி மறுபடி கிளம்புமா என்ற சோதனையில் வரும் எண் அது. 60 மைல் வேகத்தில் நிலையாக ஓடுமா என்று அது சொல்லாது.

அந்த வரம்பும் கியர்பாக்ஸைப் பொறுத்து மாறும். அதே சொரெண்டோ 2.2க்கு மேனுவலில் 2,500 கிலோ, ஆட்டோவில் 2,000 கிலோ. உங்களுக்கு இரண்டுமே போதும். ஆனால் விளம்பரத்தில் போட்டிருப்பதை விட்டுவிட்டு அந்த வண்டியின் விஐஎன் பிளேட்டையே (அடையாள எண் பொறித்த தகடு) படியுங்கள். மேலிருந்து முதல் எண் காரின் மொத்த எடை, இரண்டாவது காரும் கேரவனும் சேர்ந்த மொத்த எடை, அடுத்த இரண்டும் அச்சுகளுக்கு. இரண்டாவதில் முதலாவதைக் கழியுங்கள்: 4,510 கழித்தல் 2,510 என்றால் 2,000 கிலோ இழுக்கலாம். இரண்டாவது எண் இல்லை, அல்லது பூஜ்யம் என்றால் அந்தக் கார் இழுக்கக்கூடாது. வி5சி என்ற காரின் பதிவுப் பத்திரத்தில் ஓ.1 என்ற கட்டத்தையும் ஒத்துப் பாருங்கள்.

அடுத்தது நோஸ் வெயிட், கொக்கியின் தலையில் கீழ்நோக்கி உட்காரும் எடை. கேரவன் எடையில் 5 முதல் 7 சதவீதம், உங்களுக்கு 70 முதல் 98 கிலோ. பல கார்களில் கொக்கியின் வரம்பே 75 கிலோதான். டோபார் பிளேட்டில் எஸ் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும். காரின் வரம்பு, டோபாரின் வரம்பு, கேரவன் ஹிட்ச்சின் (கொக்கியில் மாட்டும் கேரவன் பாகம்) வரம்பு, மூன்றில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு.

இன்னொன்று, கேரவனில் 150 கிலோ சரக்கு ஏற்றலாம் என்று கணக்குப் போடாதீர்கள். பேட்டரி 20, கேரவனைக் கார் இல்லாமல் நகர்த்தும் மூவர் மோட்டார் 30, முன்பந்தல் 20க்கு மேல். பாதி அங்கேயே போய்விடும். கனமான சாமானைக் கேரவனின் அச்சுக்கு மேல், தரையோடு தரையாக வையுங்கள். அது அடங்காவிட்டால் காருக்குள்.

டீசல்புகை

எடைக் கணக்கு சரி. ஆனால் குறுகிய ஓட்டம் என்கிறாரே, அதுதான் எனக்குக் கவலை. டீசலுக்கு யூலெஸ்ஸில் யூரோ 6 என்ற புகைத் தரம் வேண்டும், பொதுவாக 2015 செப்டம்பருக்குப் பிறகு பதிவானவை. இல்லையென்றால் நாளுக்கு 12.50 பவுண்டு. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லாப் பகுதிக்கும் அதுதான். வாங்குமுன் பதிவு எண்ணைப் போட்டுச் சரிபாருங்கள். சில வண்டிகள் அதற்கு முன்பே யூரோ 6ஆக வந்தவை.

இந்த டீசல் எல்லாவற்றிலும் டிபிஎஃப் வடிகட்டி உண்டு. சேரும் கரியை எரிக்க நெடுஞ்சாலையில் 20 நிமிடமாவது தொடர்ந்து ஓட வேண்டும். பாதியில் நிறுத்திக்கொண்டே இருந்தால் எரியாத டீசல் என்ஜின் ஆயிலில் கலந்துவிடும். பார்க்கப் போகும்போது டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள்: ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நின்று, டீசல் வாசனையும் அடித்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

மேனுவல் என்றால் கிளட்ச்சைச் சோதியுங்கள். ஏற்றத்தில் நாலாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே முழு ஆக்சிலேட்டர் கொடுங்கள். ஆர்பிஎம் எகிறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. நியூட்ரலில் கடகடப்பு கேட்டு, கிளட்ச்சை மிதித்தவுடன் சத்தம் மாறினால் டூயல் மாஸ் ஃப்ளைவீல் (கிளட்ச்சோடு இருக்கும், அதிர்வைக் குறைக்கும் சக்கரம்) மேலும் சந்தேகப்படுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் ஆயிரம் பவுண்டைத் தாண்டும்.

ஆட்டோ என்றால் கியர் ஆயில் மாற்றிய ரசீதைக் கேளுங்கள். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் 6 கியர் ஈரக் கிளட்ச் டிஎஸ்ஜி ஆட்டோ கியர்பாக்ஸுக்கு 40,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சிறிய என்ஜின்களோடு வரும் 7 கியர் உலர் கிளட்ச் வகையைக் கேரவனுக்கு எடுக்காதீர்கள். சரிவில் அங்குலம் அங்குலமாகப் பின்னால் தள்ளும்போது அது சூடாகிவிடும்.

அரசுத் தளத்தில் எம்ஓடி (வருடாந்தரச் சோதனை) வரலாறு இலவசம். மைலேஜோடு பின் ஸ்பிரிங், பிரேக் பைப் துரு பற்றிய எச்சரிக்கைகளையும் வருடவாரியாகப் படியுங்கள்.

பெட்ரோல்பக்கம்

வாரம் முழுக்கப் பள்ளிக்கூட ஓட்டம், வருடத்தில் சில வாரம் மட்டும் கேரவன் என்றால் டீசல் எதற்கு? பெட்ரோலுக்கு யூரோ 4 போதும், யூலெஸ் தொல்லை இல்லை, இவ்வளவு சீக்கிரம் அடைபடும் வடிகட்டியும் இல்லை. 2.0 டர்போ பெட்ரோல் எஸ்யூவி பாருங்கள். 300 நியூட்டன் மீட்டருக்கு மேல் டார்க், அதுவும் 2,000 ஆர்பிஎம்முக்குள் கிடைக்க வேண்டும். இழுக்கும்போது எரிபொருள் நன்றாகவே குடிக்கும், அந்தச் சில வாரம் பொறுத்துக்கொள்ளலாம். டர்போ இல்லாத பெட்ரோல் வேண்டாம், ஒவ்வொரு ஏற்றத்திலும் கியரைக் குறைத்துக் குறைத்து அலுத்துப்போவீர்கள்.

குரோய்டன்வாசி

நன்றி அண்ணா எல்லோருக்கும். டோபார் ஏற்கெனவே போட்ட வண்டி நல்லதா, நாமே புதிதாகப் போடுவதா?

நாலுசக்கரம்

இருந்தால் காசு மிச்சம், ஆனால் வயரிங்கைப் பாருங்கள். 13 பின் சாக்கெட் இருந்தும் உள்ளே விளக்குக்கு மட்டும் வயர் இழுத்த வண்டிகள் ஏராளம். மல்டிமீட்டர் எடுத்துப் போங்கள். 9ஆவது பின்னுக்கும் 13ஆவது பின்னுக்கும் நடுவே என்ஜின் அணைந்திருக்கும்போதே 12 வோல்ட் வரவேண்டும், அது கேரவன் பேட்டரிக்கு. 10க்கும் 11க்கும் நடுவே என்ஜின் ஓடும்போது வரவேண்டும், அது ஃப்ரிட்ஜுக்கு. இல்லையென்றால் ஸ்காட்லாந்து போய்ச் சேர்வதற்குள் பால் திரிந்துவிடும்.

நீங்களே போடுவதென்றால் அந்த மாடலுக்கென்றே வரும் வயரிங் கிட் வாங்கி, காரின் கம்ப்யூட்டரில் கோடிங்கும் செய்யச் சொல்லுங்கள். அப்போதுதான் பின் பார்க்கிங் சென்சார் தானாக அணையும், வால் ஆட்டத்தைக் கண்டுபிடித்து பிரேக் போடும் வசதி காரில் இருந்தால் அதுவும் வேலை செய்யும். மலிவான பொது ரிலே கிட்டில் இந்த இரண்டும் வராது.

கேரவனில் வால் ஆட்டத்தைக் குறைக்கும் ஆல்கோ ஸ்டெபிலைசர் இருந்தால் டோபாரின் நுனியில் கழுத்து நீண்ட பந்துதான் வேண்டும். சாதாரண பந்தில் ஹிட்ச் இடிக்கும். புதுப் பந்தின் கறுப்புப் பெயின்டை எமரி தாளால் முழுக்கத் தேய்த்து எடுங்கள், கிரீஸ் தடவவே கூடாது. ஸ்டெபிலைசர் உரசல் பட்டைகளால் பந்தை இறுக்கிப் பிடிப்பது. பெயின்டோ கிரீஸோ பட்டால் பட்டை பளபளத்துப் பிடி போய்விடும், அதற்கப்புறம் பட்டையையே மாற்றத்தான் வேண்டும்.